ஓரம் கரை

லைசென்ஸ் கேட்டு நோட்டீஸ் வந்த வாரமே
பழைய மென்பொருளைத் துடைத்துவிட்டு
காசில்லாத ஒன்றை இறக்கித் தந்தார் முதலாளி.
"ரெண்டும் ஒண்ணுதானுங் அம்மிணி, பழகிக்குங்க."

ரெண்டும் ஒன்றில்லை.

படம் ஒரு சன்னலில்
கருவிகள் வேறொரு சன்னலில்
அடுக்குகள் எங்கோ
வாட்ஸப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும்.
ஒரு பிரஷ் எடுக்க
அனுப்பர்பாளையத்தில் கிளம்பி
அவிநாசி போய்த் திரும்புகிற டவுன் பஸ் மாதிரி
நின்று நின்று போகும் என் அம்புக்குறி.

குழந்தைச் சட்டைக்கு ஒரு டைனோசர்.
நாலு நிறம், நாலு ஃபிலிம்.
ஒவ்வொன்றையும் வெளியே அனுப்பும்போது
அதே கேள்வியை
அதே பெட்டி
புதிதாகக் கேட்பதுபோல் கேட்கும்.
கீழே எக்ஸ்போசிங் ரூமில்
சட்டத்தைக் கழுவி வைத்துக்கொண்டு
என்னக்கா ஆச்சு என்று கத்துவான் பையன்.

அதைச் செய்கிறவர்களுக்கு
ஒரு ராத்திரி எழுதினேன், தப்புத் தப்பாக, கோபமாக:
உங்களில் யாராவது இதில்
ஒரு டைனோசராவது வரைந்ததுண்டா?

பதில் பீளமேட்டிலிருந்து வந்தது.
பகலில் பம்ப் கம்பெனிக்கு நிரல் எழுதுகிறவர்,
பொழுது சாய்ந்தால் சம்பளமில்லாமல் இதற்கு.
ஹேமச்சந்திரன் என்று பெயர்.
வரைந்ததில்லைங்க, என்று ஒப்புக்கொண்டார்.
ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டுங்களா?

வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.
ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை.
நான் பெருமூச்சு விடும்போதெல்லாம்
நோட்டில் ஒரு கோடு போட்டார்.
ஷிப்ட் முடிவதற்குள்
அறுபத்து மூன்று கோடு.

பிறகு ஒரு படம் காட்டினார்.
காலையிலிருந்து என் மவுஸ் போன வழியெல்லாம்
கோடாக விழுந்திருந்தது:
கோனிலிருந்து சரிந்து
மெஷினுக்கடியில் சிக்காகிக் கிடக்கும் நூல்.
எனக்கு வெட்கமாக இருந்தது.
"நீங்க சுத்தலைங்க," என்றார்.
"நாங்க போட்ட ரோடு அப்படி."

மை கலக்கும் மீரான் பாய் எட்டிப் பார்த்து
மெனுவில் இருந்த தமிழை எழுத்துக்கூட்டினார்.
"இறகா? பொம்மை போடுற எடமா,
கோழிக்கடையாம்மா இது?"
மூன்று பேரும் சிரித்தோம்.
அதற்கு நீங்க என்ன சொல்லுவீங்க என்றார் ஹேமச்சந்திரன்.
நான் எதுவும் சொல்வதில்லை. கைதான் செய்யும்.
யோசித்துச் சொன்னேன்:
ஓரத்தைக் கரைச்சு விடுறது.

நாலு மாதம்.
எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை.
பனி பெய்யும் ஏதோ ஊரில் ஒருவர் கேட்டாராம்:
பதினெட்டு வருஷமாக என் கை
அந்த மூலைக்குத்தான் போகிறது,
அதை ஏன் பிடுங்குகிறீர்கள்?
முதலில் எரிச்சல் வந்தது.
அப்புறம், பவர் போன ஒரு மத்தியானம்
இருட்டுத் திரைக்கு முன்னால்
என் கை தானாகப் பழைய இடத்தைத் துழாவியது.
அவர் கையும் கைதானே.
பழைய மூலை வேண்டுகிறவர்க்கு
அதையும் ஒரு தேர்வாக வைத்தார்கள்.

புதிய பதிப்பு ஒரு சனிக்கிழமை வந்தது.
கீழே சம்பளக் கவர் எண்ணுகிறார்கள்,
மேலே நான் திறக்கிறேன்.
சன்னல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.
கேள்விப் பெட்டி ஒரு தடவை கேட்டது,
நாலு ஃபிலிமுக்கும் அதையே பதிலாக எடுத்துக்கொண்டது.
மெனுவின் நடுவில்,
யார் சொன்னதென்று எழுதாமல்:
ஓரம் கரை.

டைனோசரின் வால் நுனியை அழுத்தினேன்.
பச்சை, வெள்ளைத் துணிக்குள்
சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

அப்போது மெர்ச்சண்டைசர் போன்:
பையர் கேட்கிறார்,
டைனோசர் கொஞ்சம் சிரித்தால் நல்லதாம்.

இப்போது நோட்டு என்னிடம் இருக்கிறது.
இன்றைக்குப் பதினொரு கோடு.
ஏழை பீளமேட்டுக்கு எழுதி அனுப்பலாம்.
மிச்சம் நாலும்
பையரால் வந்தவை.
அதற்கு எந்த மெனுவிலும்
பொத்தான் கிடையாது.